பதினோரு வால்வும் ஒரு ஷவரும்

குடியிருப்பு சொசைட்டியில் 'வாட்டர் மெம்பர்' என்பது சம்பளமும் இல்லாமல், லீவும் இல்லாமல், திட்டு மட்டும் தினப்படி தவறாமல் வந்துசேருகிற உத்தியோகம். டில்லி துவாரகாவில் எங்கள் எட்டு மாடிக் கட்டிடத்தில் ஒரு வருஷம் அதைப் பார்த்தேன். நீங்களும் காலையில் எழுந்ததும் குழாயில் காதை வைத்து, வருவது காற்றா தண்ணீரா என்று கேட்கிற ரகம் என்றால் மேலே படியுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருகிறவர்கள் இதைப் படித்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

இந்த உத்தியோகத்தின் மொத்தப் பாடத்திட்டமும் ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தை. வால்வு. என் கான்வென்ட்டில் சயன்ஸ் எடுத்த சிஸ்டர், அது ஓட்டத்தை விடவோ நிறுத்தவோ செய்கிற கதவு என்றும், சொல்லும்போது இரண்டு முறை கீழுதட்டைக் கடிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். ஒரே அர்த்தம், பரீட்சையில் இரண்டு மார்க். எங்கள் கட்டிடத்தில் முப்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு வேறு அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதவி வந்த விதம்

எங்கள் வீடு எட்டாம் மாடி, உச்சி. சமையலறைக்குத் தனி லைன், அது ஒழுங்காக வரும். குளியலறையில்தான் வினை. மொட்டை மாடித் தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் ஷவரைத் திறந்தால் சொட்டு மருந்து மாதிரி எண்ணி எண்ணி விழும். ஒரு வாளி நிறைய முக்கால் மணி நேரம். பதினொரு வருஷமாக வாளியும் மக்குமாகவே குளித்தேன். நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சொந்த வீட்டில், சொந்த ஷவருக்கு அடியில், தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஒரு குளியல்.

போன வருஷம் மே மாதம் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பொதுக்குழு நடந்தது. எழுந்து நின்று இருபது நிமிஷம் பேசினேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ்தான் வரும், அதுவும் சிஸ்டர் குரலில். தலைவர் சோப்ரா ஜி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சா, அப்படியென்றால் இந்த வருஷம் தண்ணீரை நீங்களே பாருங்கள்" என்று பதவியைத் தூக்கி என் மடியில் போட்டார். நானும் சூட்டோடு சூடாக ஒரு வார்த்தை விட்டேன். அடுத்த பொதுக்குழுவுக்குள் எட்டாம் மாடி ஷவரில் தண்ணீர் கொட்டும். தப்பு என் பக்கம் என்று தெரிந்தால் இதே இடத்தில் எல்லார் முன்னாலும் நின்று அதைச் சொல்வேன். 'என் தப்பு' என்ற சொல் என் வாயில் வந்து என் வீட்டிலேயே யாரும் கேட்டதில்லை. சோப்ரா ஜி அசரவில்லை.

"அடுத்த வருஷம் எதுக்கு மேடம், மழைக்காலம் முடியறதுக்குள்ளே நீங்க வாட்ஸ்அப் குரூப்பையே விட்டுப் போயிடுவீங்க."

மாடியில் முதல் நாள்

மறுநாளே நோட்டும் பேனாவுமாக மொட்டை மாடி ஏறினேன். கூட ஓம்பிரகாஷ், எங்கள் சொசைட்டி பிளம்பர். கட்டிடம் எழும்பிய நாளிலிருந்து இங்கே இருப்பவர், வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. எது என்ன என்று கேட்டேன். சிவப்புச் சக்கரத்தைக் காட்டி 'வால்' என்றார். தொட்டிக்குள் மிதக்கிற பந்தைக் காட்டி 'வால்' என்றார். தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கிற பித்தளைக் குமிழ், நீளக் கைப்பிடி வைத்த திருகு, ஓரமாகக் கிடந்த துருப்பிடித்த இரும்பு, எல்லாமே 'வால்'. டில்லியில் கடைசி எழுத்தை யாரும் சீந்துவதில்லை. தமிழ்க் காதுக்கு அது குரங்கு சமாச்சாரமாகக் கேட்டது.

இப்படி இருந்தால் வேலை நடக்குமா என்று, அன்று மத்தியானமே வெயிலில் உட்கார்ந்து பதினோரு வால்வுக்கும் வெள்ளை பெயின்ட்டில் பெயர் எழுதினேன். எந்த வால்வு எந்த லைன், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எத்தனை சுற்று. ஓம்பிரகாஷ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து நிமிர்ந்ததும், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பேரு நீங்க வெச்சுக்குங்க மேடம், திறக்கிறதும் மூடுறதும் நான் பாத்துக்கறேன்."

உதட்டைக் கடித்தால் சாமான் கிடைக்காது

எங்கள் லைனுக்கு இறங்குகிற வால்வு பழசு, அதை மாற்றினால் தண்ணீர் வரும் என்பது என் முதல் கண்டுபிடிப்பு. ஓம்பிரகாஷை அனுப்பினால் நாலு நாள் ஆகும் என்று நானே மெட்ரோ ஏறி சாவ்ரி பஜார் போனேன். அந்தச் சந்தில் குழாய் விற்காத கடையே இல்லை. முதல் கடையில், சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி உதட்டைக் கடித்துக் கேட்டேன். கடைக்காரர் மகனைக் கூப்பிட்டார், மகன் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டான், மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். பல்வலி என்று நினைத்தார்களோ என்னவோ. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "பையா, வால்" என்று டில்லி உச்சரிப்பிலேயே கேட்டேன். அடுத்த நிமிஷம் மேஜையில் ஆறு தினுசு.

ஒரிஜினலா, ஒரிஜினல் மாதிரியா என்று கேட்டார். ஒரிஜினல் என்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். எத்தனை வருஷம் உழைக்கும், கியாரண்டி கார்டு உண்டா என்று நான் கேட்டபோதுதான் அவர் முதல் முறையாக என்னைப் பரிவோடு பார்த்தார்.

"பெஹன்ஜி, கியாரண்டி மனுஷனுக்கே கிடையாது, வாலுக்கு எங்கே போய் வாங்கறது?"

மூன்றாம் மாடியில் வெடிப்பு

புது வால்வு போட்டும் எங்கள் ஷவர் அசைந்துகொடுக்கவில்லை. அந்த எரிச்சலில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் மாடி மல்ஹோத்ரா ஆன்ட்டி போன் செய்து, வால்வு வெடித்துவிட்டது, வீடெல்லாம் நாசம், ஜல்தி வாருங்கள் என்று அலறினார். நான் ஓம்பிரகாஷை விரட்டி மொட்டை மாடி மெயினை மூடச் சொன்னேன். முப்பத்திரண்டு வீட்டிலும் தண்ணீர் நின்றது. சோப்பு நுரையோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்பது அப்புறம் வாட்ஸ்அப்பில் தெரிந்தது.

மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தால், ஆன்ட்டியின் சமையலறைக் கூரையில் ராஜ்மா. சுவரில் ராஜ்மா. காலண்டரில் இருந்த லட்சுமியின் கிரீடத்தில் ராஜ்மா. குக்கரின் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஆன்ட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். குக்கர் வால்வுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஆன்ட்டி ஓர் அழுக்குத் துணியை என் கையில் கொடுத்தார்.

"நீங்கதானே வால் மேடம்? கூரை எனக்கு எட்டாது, கொஞ்சம் துடைச்சுக் குடுங்க."

கையெழுத்து வேட்டை

என் ஒருத்திக்காகக் கேட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று, எட்டாம் மாடிப் பிரச்சினையாக எடுத்துப் போக முடிவு செய்தேன். மாடியில் எங்களைத் தவிர மூன்று வீடுகள். மனு ஒன்று எழுதிக்கொண்டு போனேன். மூன்று வீட்டிலும் கதவு திறந்த வேகத்துக்குக் கையெழுத்து விழுந்தது. "தண்ணீரா? ஐயோ, கேட்காதீர்கள்" என்று மூன்று பேரும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டார்கள். டீ கொடுத்தார்கள், கொறிக்க மட்ரி கொடுத்தார்கள். எதிர் வீட்டு கௌர் மேடம் பேனாவைத் திருப்பித் தரும்போது என் தோளைத் தட்டினார்.

"தண்ணி விஷயம்னா ஒரு கையெழுத்து என்ன, இடது கையாலயும் ஒண்ணு போடறேன்."

தரைத்தள வால்வு

நாலு கையெழுத்தோடு எனக்கு ஞானம் பிறந்தது. தண்ணீர் மேலே இருந்து கீழே விழுகிற வஸ்து. அப்படியானால் எங்கள் பங்கு கீழேதான் போகிறது. கீழே யார்? சண்முகம் சார். திருநெல்வேலிக்காரர், விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு, படி ஏற வேண்டாம் என்று தரைத்தளத்துக்குக் குடி மாறியிருந்தார். காம்பவுண்டு ஓரத்தில் ஒரு பாய் அகல மண்ணில் வெண்டை, தக்காளி, கறிவேப்பிலை. டில்லி வெயிலிலும் குளிரிலும் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது எத்தனை கஷ்டம் என்று வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செடிகளுக்கென்று எங்கள் லைனிலிருந்து ஒரு குழாய், அதற்கு ஒரு வால்வு. பழைய கமிட்டி போட்டுக்கொடுத்தது.

நோட்டம் பார்க்கப் போன என்னை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். நான் கட்டிடம் முழுக்க வால்வு வால்வாகப் பரிசோதிப்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்து, தையல் தழும்பைக் காட்டினார்.

"எனக்கும் ஒண்ணு மாத்திருக்காவ. லீக் அடிக்கா என்னன்னு நீங்களே ஒரு பார்வை பாத்துச் சொல்லிருங்கம்மா, டாக்டர் பீஸு மிச்சம்."

சீல்

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஏப்ரல் பிறந்து, பொதுக்குழுவுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை என்று ஆனதும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. கமிட்டியில் தீர்மானம் போட்டு, தோட்டத்து வால்வை மூட வைத்தேன். ஓம்பிரகாஷ் வருத்தப்பட்டுத் திறந்துவிடுவார் என்று கம்பி சுற்றி, என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து அரக்கு வாங்கி வந்து சீல் வைத்தேன். அவர் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். எதற்கு அரக்கு என்று கேட்காமலே கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர்.

சண்முகம் சார் சண்டை போடுவார் என்று நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரக்கு காய்வதைப் பார்த்தார். சமையலறையில் அரிசி களைந்த தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு வந்து, பாதியை வெண்டைக்கும் பாதியைக் கறிவேப்பிலைக்கும் ஊற்றினார். இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதாம் அவர்.

"மூடுங்கம்மா, பரவால்ல. செடிக்கு என்ன, நிக்கிற இடத்துல நிக்கும். நீங்க குளிக்கணும்லா."

குளியலறை ஜன்னலுக்கு வெளியே

தோட்டம் காய்ந்தது. எங்கள் ஷவர் பழையபடி சொட்டியது. பொதுக்குழுவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஓம்பிரகாஷ் வாசலில் வந்து நின்று, உங்கள் வீட்டு ஷாஃப்டை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டார். ஷாஃப்ட் என்பது குளியலறை ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்குகிற இருட்டுச் சந்து. இதை அவர் கேட்பது ஐந்தாவது தடவை. நான்கு தடவையும், கோளாறு வெளியே இருக்கும்போது என் வீட்டில் என்ன வேலை என்று திருப்பி அனுப்பியிருந்தேன். இந்தத் தடவை அலுப்பில் சரி என்றேன்.

ஜன்னல் வழியாகத் தோள் வரைக்கும் கையை விட்டார். புறா எச்சத்துக்கும் சிலந்தி வலைக்கும் நடுவே எதையோ பிடித்து முனகிக்கொண்டே திருகினார். ஷவர் இருமியது. துருத் தண்ணீர் ஒரு வாய் துப்பியது. அப்புறம் கொட்டியது. அடியில் நின்றிருந்த நான், புடவையும் மூக்குக்கண்ணாடியுமாகப் பதினொரு வருஷக் கனவில் முழுக்க நனைந்தேன். முக்கால்வாசி மூடிக் கிடந்த ஒரு சின்ன வால்வு. மொட்டை மாடியில் நான் பெயர் எழுதிய பதினொன்றில் அது இல்லை. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் பேப்பரோடு வந்து எட்டிப் பார்த்தார். ஷவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"அதை நான்தான் மூடி வெச்சேன், குடி வந்த புதுசுல. நியூஸ் கேக்கும்போது குழாய் ஊளை விட்டுக்கிட்டே இருந்துச்சு. நீ யார் யாரையோ கேட்டே, என்னைக் கேக்கலையே."

எதிர் வீடு

தலையைத் துவட்டக்கூட இல்லை. நேரே எதிர் வீட்டுக்குப் போய், உங்கள் ஷவரில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கௌர் மேடத்தைக் கேட்டேன். நன்றாகத்தான் வருகிறது, எப்போதுமே நன்றாகத்தான் வந்தது என்றார். மற்ற இரண்டு வீட்டிலும் அதே பதில். அப்படியானால் மனுவில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள், ஏன் பெருமூச்சு விட்டீர்கள் என்று கத்தினேன். டில்லியில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள் இதைக் கேட்கலாமா என்பது போல் பார்த்தார் கௌர் மேடம். நானும் பதினொரு வருஷமாகச் சமையலறையில் தண்ணீர் நன்றாக வருகிறது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தண்ணி நல்லா வருதுன்னு கமிட்டிகிட்ட சொல்ல நான் என்ன பைத்தியமா? மறுநாளே எங்க வாலை மூடிட மாட்டீங்களா?"

மறுபடி பார்க்கிங்

பொதுக்குழுவுக்கு முன்தினம் என் வீட்டுக்காரர் ஓர் ஆபீஸ் யோசனை சொன்னார். எட்டாம் மாடிக்குத் தண்ணீர் வந்துவிட்டது, பணி நிறைவுற்றது என்று இரண்டே வரி படித்துவிட்டு உட்காரலாம். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். இல்லைதான். இரவெல்லாம் அந்த இரண்டு வரியையே மனப்பாடம் செய்தேன். ஆனால் பார்க்கிங்கில் எழுந்து நின்றபோது முதல் வரிசையில் சண்முகம் சார் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், காய்ந்த வெண்டைக் குச்சிகள். இங்கிலீஷ் கைகொடுக்கவில்லை. என் ஹிந்தியில் சொன்னேன். எட்டாம் மாடியில் பிரச்சினையே இல்லை. மூடியிருந்த வால்வு என் வீட்டு வால்வு. சண்முகம் சார் தோட்டம் காய்ந்தது என்னால். என் தப்பு. தோட்டத்து சீலை இப்போதே உடைக்கிறேன்.

ஒருத்தரும் நம்பவில்லை. மல்ஹோத்ரா ஆன்ட்டி பக்கத்து நாற்காலியில், மேடம் ஏதோ மறைக்கிறாள் என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. சோப்ரா ஜி எழுந்துவந்து, எந்த வால்வைத் திருப்பினால் தண்ணீர் வந்தது என்று தன்னிடம் மட்டுமாவது நிஜத்தைச் சொல்லும்படி என் காதோரம் கெஞ்சினார். அந்த அமளியில் ஓம்பிரகாஷ் போய் அரக்கை உடைத்து, கம்பியைப் பிரித்து, தோட்டத்து வால்வைத் திருகினார். ஒரு மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்ததில் அது இறுகிவிட்டிருந்தது; பலமாக ஒரு திருகு திருகியதும் சக்கரம் தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. புதுசு வாங்கிப் போட வேண்டும், எப்போது என்று தெரியாது என்றார். நான் சண்முகம் சாரிடம் போய் நின்றேன். செடி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் எழுந்து, மெதுவாக நடந்து போய், கறிவேப்பிலைத் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை தெரிந்தது.

"வெண்டை போயிட்டும்மா. இதுக்கு உசுரு இருக்கு. புது வால்வு வார வரைக்கும் தெனம் ரெண்டு வாளி நீங்களே கொண்டாந்து ஊத்திருங்க, உங்க ஷவர்த் தண்ணியாவே இருக்கட்டும்."

ஆக, எட்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு வருஷம் உத்தியோகம் பார்த்தவள், இப்போது தினம் காலையில் இரண்டு வாளித் தண்ணீரோடு லிஃப்டில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறேன்.